பேர்சொல்லி

வினோதினி டீச்சருக்கு ஆறு வருடங்களாக முகங்கள் கிடையாது.

கண் பார்வையில் குறை ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் எவன் பெஞ்சுக்கடியில் நெல்லிக்காய் தின்கிறான் என்பதுவரை தெரியும். ஆனால் எவன் என்பதுதான் தெரியாது. ஒரு முகத்தைப் பார்த்தால் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். அவை ஒன்றுசேர்ந்து இன்னார் என்று ஆகிற இடத்தில் மூளைக்குள் ஏதோ ஒரு விளக்கு அணைந்துபோயிருந்தது.

2051-ஆம் வருடத்து மூளைக்காய்ச்சல் செய்த வேலை அது. கோவை ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து கண் விழித்தபோது கட்டிலோரம் ஒரு ஆள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். "யாருங்க நீங்க?" என்று கேட்டாள். அந்த ஆள் அழுகையை நிறுத்திவிட்டு, "நாந்தான் புள்ள, பூபதி" என்றான். குரலைக் கேட்டதும்தான் அவளுக்கு உயிர் வந்தது. இருபத்து நாலு வருடம் கூட வாழ்ந்த புருஷன்.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு பெட்டியைக் கொடுத்தார்கள். டிபன் கேரியர் தட்டு அளவில் வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர். அதற்கு வெளியே மூன்று உறுப்புகள். மூக்குக்கண்ணாடியில் ஒரு கண், சேலை ஊக்கில் ஒரு மைக், இடது காதுத் தோட்டில் ஒரு வாய். எதிரே ஆள் வந்தால் கண்ணாடி பார்க்கும், பெட்டி யோசிக்கும், தோடு காதுக்குள் பேரைச் சொல்லும். கம்பெனி அதற்கு ஏதோ நீளமான பேர் வைத்திருந்தது. பூபதியும் வினோதினியும் 'பேர்சொல்லி' என்றார்கள்.

அதைப் பற்றி வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை. கோட்டூர் தெற்கு வீதித் தொடக்கப்பள்ளியில் அவள் நாலாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பாசிரியைக்குப் பிள்ளைகளையும் அவர்களை அழைத்துப் போகிறவர்களையும் முகம் பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. வருடா வருடம் உடல்நலப் படிவத்தில் அதற்கென்று ஒரு கேள்வியே இருந்தது. 'குறை ஏதுமில்லை' என்று எழுதும்போது அவள் பேனா ஒரு நொடி நிற்கும். உண்மையை எழுதினால் வட்டார அலுவலகத்தில் ஒரு மேஜையும் கோப்பும் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். சாகிறவரை பிள்ளைகள் சத்தம் கேட்காமல் கோப்பைப் புரட்ட அவளால் ஆகாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றது.

நிறுத்தியவர் பூபதிதான், அதுவும் பிரியத்தால். மின்சார பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஒரு திருகாணி ஆடினால் அவருக்குத் தூக்கம் வராது. மனைவியின் கண்ணாடிக் கால் ஒரு பக்கம் பசை போட்டு ஒட்டி, நூல் சுற்றிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், கல்யாண நாளுக்கென்று புதுசாகக் கண்ணாடி, ஊக்கு, தோடு மூன்றையும் தருவித்திருந்தார். வினோதினி குளித்து வருவதற்குள் மாட்டிவைத்து அசத்திவிடலாம் என்று நினைத்து, பெட்டியை அணைத்தார். பழைய மூன்றையும் கழற்றினார். புதுசை இணைத்தார். பொத்தானை அழுத்தினார்.

பெட்டியில் ஆரஞ்சு விளக்கு மினுக்கியது. சின்னத் திரையில் ஒரு வரி வந்தது: 'கண்ணைத் தேடுகிறேன்.'

ஐந்து நிமிடம் தேடியது. பத்து நிமிடம் தேடியது. ஈரத் தலையோடு வினோதினி வந்து நின்றபோதும் தேடிக்கொண்டிருந்தது.

"நாந்தான் புள்ள, பூபதி" என்றார், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

"அது தெரியுது. என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?"

பழையதைத் திரும்ப மாட்டிப் பார்த்தார். 'கண்ணைத் தேடுகிறேன்.' அணைத்துவிட்டு ஐம்பது எண்ணிப் போட்டுப் பார்த்தார். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார். கடைசியில் டிப்போ வழக்கப்படி பக்கவாட்டில் ரெண்டு தட்டும் தட்டிப் பார்த்தார். பெட்டி அசரவில்லை. பொள்ளாச்சியில் இந்த மாதிரிப் பழைய பெட்டிகளைப் பார்க்கிற நஸ்ரின் என்ற பெண்ணுக்குப் போன் போட்டார்.

"அண்ணா, இனி ஒண்ணையும் தொடாதீங்க" என்றாள் நஸ்ரின். "அந்த மாடலுக்கு ரோசம் ஜாஸ்தி. நாளைக்குச் சாயந்திரம் ஆறு மணிக்கு வர்றேன்."

நாளைக்குச் சாயந்திரத்துக்கு முன்னால் நாளைக்குக் காலை ஒன்று இருந்தது. லீவு போடலாமென்றால் நாலாம் வகுப்பைப் பார்க்க வேறு ஆளில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது முப்பத்தொரு முகங்கள் திரும்பின. காதில் ஒரு சத்தமும் இல்லை. வெறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெறும் தோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். முதல் பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது?

"டீச்சர், துகிலன் பேசறேன். இன்னைக்கு நான் தேதி எழுதட்டுமா?"

"எழுது துகிலா" என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"டீச்சர், நான் யாழிசை. தண்ணி குடிக்கப் போறேன்."

"டீச்சர், அமிழ்தன். வீட்டுப்பாட நோட்டு மறந்துட்டேன்."

இப்படியே முதல் மணி போனது, மதியம் போனது. தடுமாற்றம் ஒன்றுமில்லை. எவ்வளவு நல்ல பிள்ளைகள், எல்லோரும் பேர் சொல்லிப் பேசுகிற பழக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஆறுதலாக நினைத்தாள். அதற்கு மேல் அந்த நினைப்பு போகவில்லை.

சாயந்திரம் வாசல் கேட்டில்தான் கால் இடறியது. அழைத்துப் போக வருகிறவரைக் காட்டிப் பிள்ளையிடம் "யாரு வந்திருக்கா?" என்று கேட்பாள். பிள்ளை சொன்ன பிறகே கையை விடுவாள். அன்றைக்கு மகிழா வாயைத் திறக்கவில்லை. எதிரே காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"யாரு சாமி வந்திருக்கறது?"

மகிழா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மண்ணைப் பார்த்தாள்.

"நான் அவங்கப்பனுங்க" என்றான் அந்த ஆள்.

"பாப்பா சொல்லட்டுங்க."

"என்னங்க டீச்சர், ஜூன் மாசத்துல இருந்து தெனமும் பாக்கறீங்க. என்ற மூஞ்சி உங்களுக்குத் தெரியாதா?"

பின்னால் நின்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வினோதினி குழந்தையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா சொல்லாம விடமாட்டனுங்க." அந்த ஆளின் முகத்தில் என்ன ஓடியது என்று அவளால் படிக்க முடிந்தது. அது கோபம் மட்டுமில்லை. ஊர் முன்னால் தன் பிள்ளைக்கே அந்நியனாக்கப்பட்ட அவமானம். கடைசியில் மகிழா, "அப்பாதான். காலைல பலூன் வாங்கித் தர்றேன்னுட்டு வாங்கித் தரல" என்று விசும்பினாள்.

தலைமையாசிரியை ஹேமலதா தன் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். "என்ன வினோதினி, மணிகண்டனைத் தெரியலையா உனக்கு?"

"கண்ணாடி மாத்தினேன் மேடம். சரியா ஒத்துக்கல."

சொன்ன பொய் வீடுவரை முதுகில் ஏறி வந்தது.

ஆறு மணிக்கு நஸ்ரின் வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். வந்ததும் காபியைப் பெஞ்சில் தள்ளி வைத்துவிட்டு, பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் கழற்றினாள்.

"முதல்ல தனியாப் படுக்க வைக்கோணுங்க. அப்பறம் ஒவ்வொண்ணா உள்ள விடோணும். யாரைக் கண்டா மொரண்டு பண்ணுதுன்னு பாக்கலாம்."

ஊக்கை மட்டும் இணைத்தாள். பெட்டி 'காது இருக்கிறது' என்றது. தோட்டை இணைத்தாள். 'வாய் இருக்கிறது' என்றது. பழைய கண்ணாடியை இணைத்தாள். 'கண்ணைத் தேடுகிறேன்.'

பூபதி குழம்பினார். "ஏம்மா, பழசையுமா தெரியல அதுக்கு? ஆறு வருஷம் கூட இருந்ததாச்சே. புதுசாலதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"புதுசு மேல தப்பில்லீங்கண்ணா. பழசுதான் பேச மாட்டேங்குது. இந்த மாடல்ல ஒரு கெடுபிடி உண்டு. கண்ணை மாத்தோணும்னா பழைய கண்ணு வந்து 'நான் போறேன், இது வருது'ன்னு விடை சொல்லோணும். எவனோ திருடி வேற கண்ணை மாட்டிடக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சாங்க. பழசு செத்துக் கெடந்தா பெட்டி அதைத் தேடிட்டேதான் இருக்கும்."

"நேத்துவரைக்கும் வேலை செஞ்சுதே!"

நஸ்ரின் தன் கைத்திரையைப் பெட்டியோடு இணைத்து அதன் பதிவேட்டைப் புரட்டினாள். புரட்டிக்கொண்டே போனாள். அவள் விரல் நின்றது.

"டீச்சர், இந்தக் கண்ணாடி கடைசியாப் படம் அனுப்பி ரெண்டு வருஷம் நாலு மாசம் ஆகுதுங்க."

பூபதி குனிந்து கைத்திரையை எட்டிப் பார்த்தார்.

"அதெப்படி?" என்றாள் வினோதினி. "தெனமும் பேர் சொல்லிச்சே. முந்தாநாள் வரைக்கும் சொல்லிச்சே."

"கண்ணு போனாலும் பெட்டி நிக்கல. ஓடிட்டு இருக்கறதை அது நிறுத்தாது. அணைச்சுப் போட்டாத்தான் கணக்குக் கேக்கும். அண்ணா நேத்துத்தான் முதல் தடவையா அணைச்சிருக்கறாரு. அதுவரைக்கும் இதுக்குக் காது மட்டும் இருந்திருக்கு. மைக்ல ஒரு பேர் விழுந்தா, அதைத் தோட்டுல திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் இதோட சாமர்த்தியம். குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கறதெல்லாம் இந்த மாடலுக்கு வராது." நஸ்ரின் தயங்கினாள். "கடைவீதியில, பஸ்ஸுல, தெரிஞ்சவங்களைப் பாத்தா இது சும்மா இருந்திருக்குமே?"

வினோதினி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "சும்மாதான் இருந்துச்சு. எல்லாரும் தெரியாதவங்கன்னு நெனச்சுக்கிட்டேன்." பிறகு, "என்ற தங்கச்சி" என்றாள். "பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல கண்டுங்காணாமப் போனேன்னு ரெண்டு வருஷமா அவ என்கிட்டப் பேசறதில்லைங்க. நான் அவளைப் பாக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணினேன்."

பெட்டி கேட்டதையெல்லாம் எழுத்தாகச் சேர்த்து வைத்திருந்தது. நஸ்ரின் கைத்திரையை அவள் பக்கம் திருப்பினாள். வரி வரியாக ஓடியது.

'நாந்தான் புள்ள, பூபதி.' 'நாந்தான் புள்ள, பூபதி.' காலையில், மதியம், கொல்லையிலிருந்து வந்தபோது, பால் வாங்கி வந்தபோது. அறைக்குள் நுழைகிற ஒவ்வொரு முறையும். ஆயிரக்கணக்கான தடவை.

பூபதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில பழகினது. அப்படியே வந்துருச்சு."

அப்புறம் பள்ளிக்கூடம். 'டீச்சர், துகிலன் பேசறேன்.' 'டீச்சர், நான் யாழிசை.' அதற்கு முன் வருடத்துப் பிள்ளைகள், அதற்கும் முன் வருடத்துப் பிள்ளைகள். ஒருவர்கூடப் பேர் சொல்லாமல் வாயைத் திறக்கவில்லை. ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் நாள், அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசலோரம் யாரோ யாரிடமோ கிசுகிசுத்ததையும் ஊக்கு கேட்டிருந்தது. அஞ்சாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளை ஒன்று புதுசாக வந்தவர்களுக்குச் சொல்கிறது:

'டீச்சர்கிட்டப் பேசறப்ப முதல்ல உங்க பேரச் சொல்லோணும். அவங்களுக்கு மூஞ்சி தெரியாது. பாவம். ஆனா நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. பெரியவங்க யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சொன்னா டீச்சரை அனுப்பிருவாங்க. சாமி சத்தியம் பண்ணுங்க.'

'சாமி சத்தியம்' என்று முப்பத்தொரு தடவை இருந்தது.

வினோதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று வந்தது. நஸ்ரின் ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய், தேவையில்லாமல் கொஞ்ச நேரம் அங்கே நின்றாள்.

திரும்பி வந்தபோது பழுது பார்க்கிறவளாக வந்தாள். "ரெண்டு வழி இருக்குங்க. ஒண்ணு, பெட்டிக்குள்ள ஒரு குட்டி பேட்டரி இருக்கு, அதைக் கழட்டினா எல்லாத்தையும் மறந்துட்டுப் புதுசா எந்திரிக்கும். ஆனா பழைய முகமெல்லாம் போயிரும். தங்கச்சி முகம், அண்ணா முகம், அம்மா அப்பா இருந்தா அவங்க முகம்."

"அம்மா முகம் இருக்குது" என்றாள் வினோதினி. "போன வருஷம் காலமாயிட்டாங்க. அது போகக்கூடாது."

"அப்ப ரெண்டாவது. செத்த கண்ணை ஒரு நிமிஷம் எழுப்பி விடை சொல்ல வைக்கோணும்."

கண்ணாடியின் நூலைப் பிரித்து, பசையைச் சுரண்டி எடுத்தாள். காலுக்குள் ஓடிய மயிரிழைக் கம்பி இரண்டாக அறுந்து, பசைக்குள் புதைந்திருந்தது.

"இந்தக் காலை ஒட்டினது யாருங்க?"

பூபதி தலையைச் சொறிந்தார். "கீழ விழுந்து ஒடஞ்சுது. நல்லா இறுக்கி ஒட்டினேன்."

"நல்லா இறுக்கித்தான் ஒட்டியிருக்கறீங்க" என்றாள் நஸ்ரின். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கம்பியைப் பற்றவைக்க முக்கால் மணி நேரம் பிடித்தது. பூபதி தரையில் மண்டியிட்டு டார்ச் பிடித்தார், மூச்சுகூடச் சரியாக விடாமல். ஆரஞ்சு விளக்கு பச்சையானது. நஸ்ரின் கண்ணாடியை வினோதினிக்கு மாட்டிவிட்டாள். எதிரே டார்ச்சோடு ஒரு ஆள் அண்ணாந்து பார்த்தான். வாயே திறக்கவில்லை.

"பூபதி" என்றது தோடு.

"சொல்லிருச்சு" என்றாள் வினோதினி. "நீங்க சொல்லாமலே சொல்லிருச்சுங்க."

அடுத்த நிமிடம் பழைய கண் விடை சொன்னது, புதுக்கண் ஏற்றுக்கொண்டது. கிளம்பும்போது நஸ்ரின் சொல்லிவிட்டுப் போனாள். "இப்பப் படிக்கற பிள்ளைகள் யாரையும் இது பாத்ததில்லைங்க டீச்சர். ஒரு முகத்தைப் பாத்து, அது என்ன பேர் சொல்லுதுன்னு கேட்டு, அஞ்சாறு தடவை ஒத்துவந்தாத்தான் மனசுல வெச்சுக்கும். வெச்சுக்கிட்டா அப்பறம் கண்ணைத்தான் நம்பும், காதை நம்பாது."

வினோதினி அவளை வழியனுப்பிவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரம் பேசினாள். பாதி நேரம் இரண்டு பக்கமும் மூக்குறிஞ்சும் சத்தம்தான்.

செவ்வாய்க்கிழமை பிரேயருக்கு முன்னாலேயே தலைமையாசிரியை அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் தனக்காகச் சாமி சத்தியம் செய்து பொய்யைச் சுமந்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. ஒன்று விடாமல் சொன்னாள்.

ஹேமலதா நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"பிள்ளைகளை யார் கையில ஒப்படைக்கறோம்ங்கறது வெளையாட்டு இல்லை, வினோதினி. ரெண்டு வருஷத்துல ஒரே ஒருநாள் தப்பியிருந்தா?"

"தப்புதான் மேடம்" என்றாள் வினோதினி.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமா என்ற மூஞ்சிகூட உனக்குத் தெரியாதா?"

"உங்க செருப்புச் சத்தம் தெரியும் மேடம். மூணாவது படியில நின்னு பெருமூச்சு விடுவீங்க."

ஹேமலதாவின் கோபத்தில் ஒரு கீறல் விழுந்தது. "மூட்டுவலி" என்றார். பிறகு காகிதத்தை எடுத்தார். "வட்டார ஆபீசுக்கு நான் எழுதறேன். மறைச்சதையும் எழுதுவேன், இத்தனை வருஷம் நீ வகுப்பு எடுத்த அழகையும் எழுதுவேன். அவங்க என்ன சொல்றாங்களோ பாக்கலாம். கேட் வேலை இன்னையிலிருந்து சேவியர் சாருக்கு."

பத்து நாளில் பதில் வந்தது. படிவத்தில் பொய் எழுதியதற்கு ஒரு கண்டனக் குறிப்பு. இந்த வருடம் முழுக்க வகுப்பெடுக்கலாம். அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார்கள். கண்டனக் குறிப்பைப் படித்தபோது அவளுக்கு ஆறு வருடத்தில் முதல் தடவையாக முதுகு லேசாக இருந்தது. மணிகண்டனிடம் அதற்கு முன்பே போய் மன்னிப்புக் கேட்டிருந்தாள். அவன் பதறிப்போய், "ஐயோ, நான்தான் கத்திட்டேனுங்க. எம்பிள்ளைய அப்படி இறுக்கிப் பிடிச்சுக்கிட்டீங்களே, அது போதுங்க" என்றான்.

பிள்ளைகளிடம் சொல்வதுதான் மிகச் சுலபமாக இருந்தது.

"எனக்கு முகம் தெரியாது" என்றாள்.

முப்பத்தொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "டீச்சர், துகிலன் பேசறேன். இனிமே பேர் சொல்ல வேண்டாமா?"

"சொல்லுங்க. இந்தக் கண்ணாடிக்குள்ள புதுக்கண்ணு ஒண்ணு இருக்கு. அது உங்களையெல்லாம் படிக்கோணும்."

அது விளையாட்டாகிப் போனது. கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்று, மூக்கு முட்டுகிற தூரத்தில், பேர் சொல்லிவிட்டு ஓடினார்கள். இரண்டு வாரத்தில் பேர்சொல்லிக்கு வகுப்பு முழுக்க மனப்பாடம்.

டிசம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை கணக்கு வகுப்பு. தொடக்க வகுப்புகளுக்குக் கணக்கில் எழுத்துத் தேர்வையே நீக்கிவிட்டிருந்தார்கள். வாய்க்கணக்கு மதிப்பெண்தான் ரிப்போர்ட்டுக்குப் போகும்.

"தோப்புல பதினாலு வரிசை. வரிசைக்குப் பன்னெண்டு தென்னை. மொத்தம் எத்தனை? எழிலினி."

ஒரு பிள்ளை எழுந்தாள். "டீச்சர், எழிலினி. நூத்தி அறுபத்தெட்டு."

கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி எழிலினி. எப்போதும் அப்படித்தான், கேட்டு முடிக்குமுன் விடை வரும். ஆனால் தோடு காதுக்குள் வேறு ஒன்றைச் சொன்னது.

"நிறைமதி."

வினோதினி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "எப்படிப் போட்டே, இன்னொரு தடவை சொல்லு." அந்தப் பிள்ளை சொன்னாள். தோடு மறுபடியும் நிதானமாக, "நிறைமதி" என்றது.

"சரி. உக்காரு" என்றாள்.

நிறைமதிக்குக் கணக்கு சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் ஜூலையிலிருந்து மதிய இடைவேளையில் அவளை வகுப்பு மூலையில் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து வந்தாள் வினோதினி. அன்றைக்கும் சோறு தின்றுவிட்டு நோட்டோடு வந்து நின்றது பிள்ளை.

"டீச்சர், நிறைமதி வந்திருக்கேன்."

"எழிலினி" என்றது தோடு.

வினோதினிக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. இருந்தும் அவசரப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்தாள். "எழில்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

பிள்ளையின் கையிலிருந்த பென்சில் நின்றது. புதுக் கண்ணாடியையே பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"கணக்கு வரலைன்னா கோயமுத்தூர் ஹாஸ்டல்ல சேத்திருவேன்னு அப்பா சொன்னாருங்க டீச்சர். அப்பறம் நானும் நிறைமதியும் ஒண்ணா இருக்க முடியாது. அதுக்குத்தான் கணக்குல மட்டும் அவ நானு, நான் அவ."

"அவளுக்குக் கெட்ட மார்க் போகுதே. அவ வீட்ல திட்டமாட்டாங்களா?"

"அவங்கம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம். அவ பாத்துக்கறேன்னா."

இருப்பதிலேயே நல்ல மதிப்பெண்ணை ஒரு பிள்ளை தூக்கி இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள், மிட்டாய் கொடுக்கிற மாதிரி. இதைத் தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். நோட்டைத் திறந்தாள்.

"நேத்து நான் கொடுத்த பத்துக் கணக்குல எட்டு சரியாப் போட்டிருக்கறே. இதை யாரு போட்டது?"

"நான்தான் டீச்சர். ஆனா அது நிறைமதி பேர்ல." பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ற பேர்ல எனக்கு வராதுங்க டீச்சர்."

"வரும்" என்றாள் வினோதினி. "நிறைமதியைக் கூட்டிட்டு வா. மூணு பேரும் பேசலாம்."

அதற்குப் பிறகு அந்த மூலையில் என்ன பேசினார்கள் என்பது அவர்கள் மூவருக்குள் இருந்தது. யாருக்கும் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. சாயந்திரம் வினோதினி எழிலினியின் அப்பாவுக்குப் போன் செய்து, ரிப்போர்ட் கொடுக்கும் முன் தன்னை வந்து பார்க்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை வாய்க்கணக்குத் தேர்வு.

"எட்டுப் பெட்டி மாம்பழம். பெட்டிக்குப் பதினஞ்சு. அதுல பத்துப் பழம் அழுகிப்போச்சு. மீதி எத்தனை?" வகுப்பை ஒருமுறை பார்த்தாள். "எழிலினி."

யாரும் எழவில்லை. துகிலன் பென்சிலை வாயில் வைத்தபடி நின்றுவிட்டான். யாழிசை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முப்பது பேருக்கும் இதுவும் முன்பே தெரியும் என்பது அப்போதுதான் வினோதினிக்கு உறைத்தது. கெட்டிக்காரி நிறைமதி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலோரம் ஒரு பெஞ்ச் கிறீச்சிட்டது. ஒரு பிள்ளை மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டீச்சர், எழிலினி பேசறேன்."

"எழிலினி" என்றது தோடும்.

பிள்ளையின் உதடு அசைந்தது. விரல்கள் பாவாடையில் எண்ணின. ஒருமுறை எண்ணி, நம்பாமல், இன்னொரு முறை எண்ணின.

"நூத்திப் பத்து."

வினோதினி சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாக்பீஸை எடுத்து, வேண்டிய அளவைவிடப் பெரியதாக, 110 என்று எழுதினாள். எழுதி முடித்த பிறகும் உடனே திரும்பவில்லை. பின்னால் முப்பது பேரும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.